ம-வின் தலையில் ஒரு புள்ளி

உச்சிப்புளி தாண்டி, ரோட்டுக்குக் கடல்பக்கம் எங்கள் கல்லூரி.
நேர்காணல் நாளில்
டீ, மிக்சர், வருகைத்தாள், கூட்டக் குறிப்பு
நான்கும் என் பொறுப்பு.
பதினோரு வருடமாக நான் தற்காலிகம்.

வேதியியல் ஆய்வகப் பயிற்றுநர், ஓரிடம்.
வந்தவர்கள் ஒன்பது பேர்.
விடிந்ததிலிருந்து கச்சான் காற்று.
விண்ணப்பங்கள் பறக்காமலிருக்க
செயலர் தன் செல்போனை அவற்றின்மேல் வைத்திருந்தார்.

ஆண்களிடம்
அமிலம் கேட்டார்கள், காரம் கேட்டார்கள்.
சாயல்குடிப் பையன் தப்பாகச் சொன்னான்.
"பரவால்ல தம்பி, போகப்போகப் படியும்."

பெண்களிடம்
"வீட்ல மாப்பிள்ள பாக்குறாங்களா?"
"அவரு துபாய்க்குக் கூப்பிட்டா போயிருவீங்கள்ல?"
பெரியபட்டினத்து நஸ்ரின் பானு
இரண்டு பஸ் மாறி, தங்கப் பதக்கத்தோடு வந்திருந்தாள்.
"மூஞ்சி சோர்வா இருக்கே, மாசமா இருக்கீங்களாம்மா?"
பதக்கம் கோப்புக்குள்ளேயே இருந்தது.

நான் அடித்தேன்:
பொதுவான கேள்விகள் கேட்கப்பட்டன.
கண்ணை மூடினாலும்
என் விரல்களுக்குத் தெரிந்த வரி அது.

கடைசியாக வந்தவள் செலஸ்டினா,
த/பெ ஜெபமாலை, தங்கச்சிமடம்.
வணக்கம் வைத்துவிட்டு மேசைமேல் ஒரு தாளை நகர்த்தினாள்.
எனக்குக் காது கேட்காது.
உதட்டைப் படிப்பேன், நான்கு பேர் சேர்ந்து பேசினால் தவறிவிடும்.
கேள்விகளை எழுதித் தரவும்.

செயலர் என்னைப் பார்த்தார்.
விண்ணப்பத்தில் இருந்தது. பதினான்காவது கட்டம்.
மடிப்பில் விழுந்ததால் யாரும் படிக்கவில்லை.

துறைத்தலைவர் எழுதினார்:
குடுவை விரிசல் விட்டால் உங்களுக்குக் கேட்காதே?
அவள் எழுதினாள்:
சத்தத்துக்கு முன்னால் நிறம் மாறும்.
நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்புறம் பேனா செயலரிடம் வந்தது.
காலையிலிருந்து நாலு பெண்களிடம்
சளைக்காமல் கேட்டவர்,
தி
ரு

என்று எழுதி
நிறுத்தினார்.

வாயால் கேட்டது காற்றோடு போகும்,
இந்த ஊரில் காற்றுக்கா பஞ்சம்.
தாளில் எழுதினால் தாள் கோப்புக்குப் போகும்,
கோப்பு பீரோவுக்குப் போகும்,
பீரோச் சாவி என்னிடம் இருக்கிறது.

பேனா முனை அப்படியே நின்றது.
மிக்சர் மெல்லும் சத்தமும் நின்றது.
பிறகு அவர்
ம-வின் தலையில் ஒரு புள்ளி வைத்தார்.
திரும்பிப் போக பஸ் இருக்கிறதா?

அவள் படித்தாள்.
மற்ற எழுத்துகளைவிட அந்தப் புள்ளி கொஞ்சம் கறுப்பு.
அவள் நகம் ஒரு கணம் அதன்மேல் நின்று நகர்ந்தது.
ஐந்து நாற்பதுக்கு இருக்கிறது சார்.
பாம்பனில் காற்று கூடினால் ரயில்தான் நிற்கும்.

அதற்குமேல் முழுக்க வேதியியல்தான்.
பதினெட்டு நிமிடம். மூன்று தாள், இருபக்கமும்.
அன்றைக்கு வந்த ஐந்து பெண்களில்
படித்த படிப்பைப் பற்றிக் கேட்கப்பட்டவள்
அவள் ஒருத்தி.

எனக்கு என் நேர்காணல் ஞாபகம் வந்தது.
"பிள்ளைய யாரு பாத்துக்குவா?"
மாமியார் என்றேன். வேலை கிடைத்தது.
நிமிடத்துக்கு அறுபது வார்த்தை அடிப்பேன்,
அதை யாரும் கேட்கவில்லை.

நியமன ஆணை இன்னும் வரவில்லை.
சாயல்குடிப் பையனுக்குத்தான் என்கிறார்கள்,
இல்லை என்றும் சொல்கிறார்கள்.
தாள்களுக்கு நான் எண் போட்டேன், முத்திரை குத்தினேன்,
கோப்பில் கட்டினேன்.
திரும-வும் புள்ளியும்
பக்கம் இருபத்தேழில் இருக்கின்றன.

அடுத்த மாதம் இயற்பியலுக்கு ஆள் எடுக்கிறார்கள்.
வாங்க வேண்டிய பட்டியலில்
டீத்தூள், மிக்சருக்குக் கீழே
வெள்ளைத்தாள் ஒரு கட்டு, பேனா பத்து
என்று சேர்த்தேன்.

கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார்:
"இந்தத் தடவ யாருக்கும்மா காது கேக்காது?"

வாங்கி வையுங்க சார், என்றேன்.